போன வருஷத்து நோட்டீஸ்

மில்லவத்தைத் தோட்டத்து ஆட்கள் சாமி கும்பிடுவதற்காகத்தான் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள். சம்பள நாளில் குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்வதையெல்லாம் அங்கே யாரும் சண்டையென்றே சொல்வதில்லை. கரவனெல்லையில் பஸ் ஏறி, ரப்பர் மரங்களுக்குள் வளைந்து வளைந்து போனால் அந்தத் தோட்டம் வரும். டிவிஷனை அங்கே கணக்கு என்பார்கள். மேட்டிலிருக்கும் லயத்து வரிசை வீடுகள் மேக்கணக்கு, ஆற்றோரத்து லயங்கள் கீக்கணக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மாரியம்மன் கோயில். வினையே அதுதான்.

திருவிழாவன்று ஆற்றங்கரையில் குடத்துக்குப் பூவும் வேப்பிலையும் சுற்றிக் கரகம் பாலித்து எடுத்து வருவார்கள். அது முதலில் எந்தக் கணக்கு லயத்துக்குப் போகிறதோ, அந்தக் கணக்கு ஆட்கள் அந்த வருஷம் முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்கள். 1994இல் இதற்காக நடந்த அடிதடியில் கீக்கணக்கு ஆள் ஒருவருக்கு ஒரு கண் போயிற்று. மேக்கணக்குக் கன்னையாவின் தாடையை உலக்கையால் அடித்து உடைத்தார்கள். அவர் சாகும்வரை ஒரு பக்கத்தால்தான் மென்றார். பொலிஸ் வந்து இரண்டு பக்கத்து ஆம்பிளைகளையும் லொறியில் அள்ளிப்போட்டு மிதித்தது. கடைசியில் தோட்டத்துத் துரை எல்லோரையும் கூப்பிட்டு, ஒரு வருஷம் மேக்கணக்கு முதல், அடுத்த வருஷம் கீக்கணக்கு முதல் என்று முறை வைத்தார். வருஷா வருஷம் அந்த முறையை நோட்டீஸில் போட்டு இரண்டு பக்கத்து லயத்துச் சுவர்களிலும் ஒட்ட வேண்டும் என்றும் சொன்னார். அதன் பிறகு திருவிழாவில் ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. பத்து வருஷ அமைதியும் அந்த ஒற்றைத் தாளில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

கன்னையாவின் மகள்தான் கிருஷ்ணகுமாரி. அப்பாவைத் தாடை தொங்கத் தொங்கத் தூக்கிவந்தபோது அவள் ஸ்கூல் பிள்ளை. வாயிலிருந்து வழிந்த இரத்தத்தைத் துடைத்துத் துடைத்துத் துணியைப் பிழிந்தவள் அவள்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, ரப்பர் பால் வெட்டப் போக மனமில்லாமல், கரவனெல்லைச் சந்தியில் ஜுனைதீன் நானாவின் கொமினிகேஷனில், அதாவது டெலிபோன் கடையில், வேலைக்குச் சேர்ந்தாள். மாவனல்லைக்காரரான ஜுனைதீன் ஒரு கொம்பியூட்டரும் ஒரு போட்டோகொப்பி மெஷினும் வைத்திருந்தார். அந்தச் சந்தியில் தமிழில் டைப் அடிக்க வேறு ஆள் கிடையாது. கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ், மேலிடத்துக்கு எழுதும் பெட்டிசம் எல்லாம் குமாரியின் விரலால்தான் வெளியே வரும்.

புதிதாக எதையும் அடிப்பது ஜுனைதீனுக்குப் பிடிக்காது. "பழசு கெடக்குதானே புள்ள. அதத் தொறந்து பேர மாத்து. எதுக்குச் சும்மா கைய நோகடிக்கிற?" என்பார். இன்னொன்றையும் நாள் தவறாமல் சொல்வார். "லைட் எப்ப போகும்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ரெண்டு வரிக்கு ஒருக்கா சேவ் அமுத்து." இரண்டும் நல்ல புத்திதான். இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் யோசிக்கவில்லை. ஒரு தடவை ஒரு மணப்பெண்ணின் கார்டைத் திறந்து இன்னொருத்தியின் பெயரைப் போட்டு அதன்மேலேயே சேவ் செய்துவிட்டாள். முதல் வீட்டார் இன்னும் ஐம்பது கார்டு வேண்டுமென்று வந்தபோது, அந்தப் பெண் கொம்பியூட்டரில் இல்லவே இல்லை. சிரித்துக்கொண்டே மறுபடி அடித்துக் கொடுத்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

குமாரி கட்டிக்கொண்டது கீக்கணக்குச் சசியை. யாருடைய கண் போயிற்றென்று சொன்னேனே, அவருடைய மகன். பஸ்ஸில் பார்த்து, கடை வாசலில் பேசி, ஒருநாள் தாலியோடு வந்து நின்றார்கள். மேக்கணக்கே காறித் துப்பியது. கன்னையா மட்டும் கோணிய வாயால், "போகட்டும். ரெண்டு பக்கமும் ஒருத்தி இருந்தா நல்லதுதான்" என்றார். அவர் நெஞ்சுவலியில் போனபோது மரண அறிவித்தலை அடித்தவளும் குமாரிதான். மகள் கிருஷ்ணகுமாரி, மகன் தினேஷ், மருமகன் சசி என்று வரிசையாகப் போட்டாள். மருமகன் என்று சசியின் பெயர் வந்ததை வாசிக்கக் கேட்ட அம்மா மருதாயி அதை எடுக்கச் சொல்லவில்லை. அதைக் குமாரி பெரிய மன்னிப்பாக எடுத்துக்கொண்டாள்.

சசி கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கும் வேலை சுலபமாகிவிடும். ஆனால் அவன் அப்படியில்லை. ஒற்றைக் கண் அப்பனுக்குச் சோறு பிசைந்து கொடுப்பவன், பெண்டாட்டி கடையிலிருந்து வரும்வரை பஸ் நிறுத்தத்தில் டோர்ச்சோடு நிற்பவன். கோபம் வந்தால் மட்டும் அவன் கைக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. குமாரியின் கன்னத்துக்கும் அது தெரியும். 2003இல் கீக்கணக்கின் முறை வந்தபோது அடைமழை பெய்தது. கரகம் பாதி லயத்தோடு திரும்பிவிட்டது. தன் அப்பன் வாசலுக்குக் கரகம் வராமல் போனதை அவன் மனசுக்குள்ளேயே போட்டு அரைத்துக்கொண்டிருந்தான். "போன வருஷம் எங்களுக்குப் பாதிதான் கெடச்சுச்சு. இந்த வருஷமும் எங்களுக்குத்தான்" என்று கள்ளுத் தவறணையில் சத்தம் போட்டவர்களில் அவன் சத்தம்தான் பெரிது.

2004 திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் தினேஷ் கடைக்கு வந்தான். கோயில் கமிட்டியில் மேக்கணக்குச் சார்பில் அவன்தான் நோட்டீஸ் பொறுப்பு. குமாரி செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. போன வருஷத்து நோட்டீஸைத் திறக்க வேண்டும். கரகம் முதலில் போகிற கணக்கின் வரிகள்தான் மேல் பந்தி; அங்கே இருக்கும் கீழ்க்கணக்குப் பந்தியைக் கீழே இறக்கி, மேற்கணக்கை மேலே ஏற்ற வேண்டும். பிறகு திகதிகளை மாற்ற வேண்டும். திறந்தாள், பந்திகளை இடம் மாற்றினாள், நானா சொன்னபடி சேவ் அமுக்கினாள். திகதியில் கை வைப்பதற்குள் லைட் போய், கொம்பியூட்டர் அணைந்துவிட்டது.

தினேஷ் பூசைச் சாமான் வாங்கப் போனான். லைட் வந்தபோது கடையில் சனம் குவிந்திருந்தது. ஒருத்தி அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கக் கத்தினாள், ஒருவன் டுபாய்க்குக் கோல் எடுக்கக் காத்திருந்தான். குமாரி மறுபடி நோட்டீஸைத் திறந்தாள். உச்சியில் போன வருஷத்துத் திகதி இருந்தது. லைட் போனதில் செய்த வேலையெல்லாம் அழிந்துவிட்டது, இது போன வருஷத்துத் தாளேதான் என்று நினைத்தாள். அவளுடைய கண் திகதியைத்தான் பார்த்தது, பந்தியைப் பார்க்கவில்லை. ஒருமுறை மாற்றியதை இன்னொருமுறை மாற்றினாள். கீழ்க்கணக்கு மறுபடி மேலே ஏறிவிட்டது. திகதியைத் திருத்தி, சேவ் செய்து, பிரின்ட் எடுத்தாள்.

தினேஷ் திரும்பி வந்து நோட்டீஸ் கட்டை வாங்கிக்கொண்டு போய், கோதுமை மாப் பசை காய்ச்சி, பொழுது சாய்வதற்குள் இரண்டு கணக்கிலும் தன் கையாலேயே ஒட்டினான். ஒரு தாளையும் அவன் வாசிக்கவில்லை. அக்கா அடித்ததில் வாசித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவர்கள்தான் முதலில் வாசித்தார்கள். கீக்கணக்கு ஆட்கள் விசிலடித்தார்கள். "ஒங்க ஆளே வந்து ஒட்டிட்டுப் போயிருக்காரு, அப்பறம் என்னா?" என்று மேக்கணக்குக் கிழவனொருவரை இடித்தார்கள். கிழவன் வாளியால் ஒருவனின் வாயில் அடித்தார். பல் தெறித்தது. கங்காணி நடுவே விழுந்து பிடித்திருக்காவிட்டால் அங்கேயே ஆரம்பித்திருக்கும்.

தினேஷ் கடைக்குள் நுழைந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. கசங்கிய நோட்டீஸைக் கீபோர்டின்மேல் எறிந்தான்.

"மச்சான் சொல்லித்தானே மாத்துன?"

"என்னாடா சொல்ற?"

"வாசி. வாசிச்சுப் பாரு!"

குமாரி வாசித்தாள். கீழ்க்கணக்குதான் மேலே இருந்தது. பதறிக்கொண்டு கொம்பியூட்டரில் போன வருஷத்து நோட்டீஸைத் தேடினாள். எங்கே தேடினாலும் இந்த வருஷத்து நோட்டீஸ் ஒன்றுதான் இருந்தது. நடந்தது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று.

"போன வருஷத்தது மேலயே சேவ் பண்ணிட்டேன்டா. லைட் வந்த பொறகு அதையே பழசுன்னு நெனச்சு திரும்பவும் மாத்திட்டேன். அம்மன் சத்தியமா வேணும்னு செய்யல."

"அப்ப பழசு எங்க? காட்டு."

"இல்லடா. அதுமேலதான் புதுசு ஏறிருச்சுன்னு சொல்றேன்ல."

"இருந்துச்சாம், இப்ப இல்லியாம். இத நான் மேக்கணக்குல போயி சொல்லணும், அவங்க நம்பணும்!" தினேஷ் பிரின்டரை இழுத்துத் தரையில் அடித்தான். ஜுனைதீன் ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தார். "அப்பா தாடைய ஒடச்சவங்களுக்குத்தான் நீ கரகத்த அனுப்புற. ஒம் மூஞ்சியில இனி முழிக்கமாட்டேன்க்கா" என்று கத்திக்கொண்டே போனான். அக்கா என்ற வார்த்தையை அந்தக் கோபத்திலும் அவன் விடவில்லை. அதை நினைத்து அவள் பிறகு அழுத அழுகைக்கு அளவில்லை.

உடைந்த பிரின்டரை விட்டுவிட்டு, பக்கத்துக் கடை பிரின்டரில் சரியான நோட்டீஸை எடுத்து, கொப்பி போட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டு பின்னேர பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனாள். கீக்கணக்கில் அவளுக்கு ராஜ வரவேற்பு. அதுவரை அவளை மிதித்துத் தள்ளிய மாமியார் வீட்டுப் பெண்களெல்லாம் "நம்ம வீட்டுப் புள்ள" என்று கையைப் பிடித்தார்கள். ஒற்றைக் கண் மாமனார் எழுந்து நின்றே கும்பிட்டார். தங்கள் லயத்து அறையான காம்பராவுக்குள் போய்ச் சசியிடம் கட்டைக் காட்டினாள்.

"அது நான் விட்ட பெழைங்க. இத ஒட்டணும். நீங்களே ஒட்டுனா சண்ட நிக்கும்."

சசி கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கப்பா வாசலுக்கு இந்த வருஷமாவது கரகம் வருது. ஒரு பெழ ஒருக்கா நமக்கு நல்லதா நடந்திருக்கு. அத திருத்த நீ யாரு?"

"தினேசு நான் வேணும்னு செஞ்சேன்னு நெனைக்கிறான்."

"நெனச்சுட்டுப் போறான்."

அவள் கட்டைப் பிடுங்கிக்கொண்டு கதவைப் பார்த்துப் போனாள். அவன் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதவிட்டான். நெற்றி பிளந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. கீழே கிடந்தவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோட்டீஸ் கட்டை அடுப்புக்குள் திணித்தான். தாள் நன்றாக எரிந்தது. அந்த நெருப்பிலேயே தேத்தண்ணிக்குக் கேத்தலையும் வைத்தான்.

அன்றிலிருந்து அவளை வெளியே விடவில்லை; திருவிழாவன்று உள்ளே வைத்து வெளியே பூட்டு போட்டான். பறைச் சத்தம் ஆற்றங்கரையில் தொடங்கி மேலேறி வருவது குமாரிக்குக் கேட்டது. லயத்துக் கதவு என்ன பெரிய கோட்டைக் கதவா? அம்மிக்குழவியைத் தூக்கிப் பூட்டுப் பக்கம் நாலைந்து தரம் போட்டாள், பலகை பிளந்தது. தலையில் கட்டிய துணியோடு பெரட்டுக்களத்துக்கு ஓடினாள். பாதை அங்கேதான் இரண்டாகப் பிரியும், இடதுபக்கம் மேக்கணக்கு, வலதுபக்கம் கீக்கணக்கு. அந்தப் பிரிவில் மேக்கணக்கு ஆட்கள் ரப்பர்க் கட்டைகளோடு குறுக்கே நின்றார்கள். முன்னால் தினேஷ்.

"நான் பெழையா அடிச்சுட்டேன்! மேக்கணக்கு மொறதான்! நான்தான் பெழை!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பறைச் சத்தத்தில் அது பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்கவில்லை.

முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பொலிஸும் கண்டுபிடிக்கவில்லை. கல் கரகத்தில் பட்டது. குடம் உடைந்து, பூவும் வேப்பிலையும் தண்ணீரும் சாமி வந்தவரின் முகத்தில் வழிந்தன. பறை நின்றது. அடுத்த நொடி எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒருவன் காது தொங்க ஓடினான். சேலை உருவப்பட்ட ஒருத்தி, கையில் கிடைத்த குத்துவிளக்கால் எதிரே வந்தவனின் முதுகில் குத்திக்கொண்டே இருந்தாள். சாமி வந்தவரைக்கூட விடவில்லை, மிதித்தார்கள். தினேஷின் கட்டை சசியின் தோளில் இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் குமாரிக்குக் கேட்டது. சசி மற்றக் கையால் இடுப்பிலிருந்து காடு வெட்டும் மன்னாக் கத்தியை எடுத்து வீசினான். தன் எதிரே யார் நிற்கிறார்கள் என்று அப்போதும் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

கத்தி தினேஷின் கழுத்தில் பட்டது. அவன் உட்கார்ந்தான். யாரோ கூப்பிட்டு உட்காரச் சொன்ன மாதிரிதான் உட்கார்ந்தான். குமாரி பாய்ந்து போய் இரண்டு கையாலும் வெட்டை அமுக்கினாள். இரத்தம் விரலிடுக்கால் பீறிட்டு அவள் வாயிலும் மூக்கிலும் அடித்தது. "தினேசு, அக்காடா. அமுக்கிப் புடிச்சிருக்கேன், ஒண்ணுமில்லடா" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். யாரென்று தெரிந்துதான் பார்த்தான். பிறகு மீதியிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவளுடைய கையைத் தட்டிவிட்டான்.

அவனை ஏற்றிய ட்ரெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் அவன் உயிர் போய்விட்டது. சசியை ஆற்றங்கரையில் பிடித்தார்கள். கத்தியைக் கழுவவும் இல்லை, ஓடவும் இல்லை, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தானாம். மேக்கணக்கு ஆட்கள் இறங்கிவந்து குமாரியின் காம்பராவுக்கு நெருப்பு வைத்தார்கள். தடுக்கப் போன ஒற்றைக் கண் மாமனாரைக் காலை உடைத்துச் சாக்கடைக் கானுக்குள் போட்டார்கள். கீக்கணக்கிலும் அவளுக்கு இடமில்லை. அவளால்தான் எல்லாம் என்பதில் மட்டும் இரண்டு கணக்கும் ஒற்றுமையாக இருந்தது. ஜுனைதீனின் மனைவி நூரியா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளிக்க வைத்து, தன் உடுப்பைக் கொடுத்தாள். நகக்கண்ணில் உறைந்த இரத்தம் மட்டும் போகவில்லை.

அடுத்த நாள் காலையில் கடை திறந்ததும் மருதாயி வந்தாள். மேக்கணக்கு ஆட்கள் இரண்டுபேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மரண அறிவித்தல் அடிக்க வேண்டும், சந்தியில் தமிழ் அடிக்க வேறு ஆள் இல்லை. அதனால்தான் வந்தாள், மகளைப் பார்க்க வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, குமாரியின் முகத்தைப் பார்க்காமல் கொம்பியூட்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"பின்னேரம் அடக்கம். அப்பாவுக்கு அடிச்ச மாதிரியே அடி."

குமாரி அப்பாவின் அறிவித்தலைத் திறந்தாள். விரல்கள் தாமாகவே பெயரின்மேல் போயின. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், முதலில் சேவ் அஸ்ஸை அமுக்கினாள். தினேஷ் என்று புதுப் பெயர் கொடுத்தாள். திரையின் உச்சியில் அந்தப் பெயர் வந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தாள். அதற்கு எடுத்தது ஒரு மூச்சு நேரம். நாலு நாளைக்கு முன்னால் இந்த ஒரு மூச்சு நேரத்தைச் செலவழித்திருந்தால், இப்போது இந்தப் பெயரை அடிக்க வேண்டி வந்திருக்காது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அடித்தாள்.

கன்னையாவை எடுத்துவிட்டுத் தினேஷைப் போட்டாள். வயதை மாற்றினாள். மருமகன் சசி என்ற பெயரை அம்மா சொல்லாமலேயே எடுத்தாள். மருதாயிக்கு வாசிக்கத் தெரியாது.

"படிச்சுக் காட்டு."

"காலஞ்சென்ற கன்னையா, மருதாயி தம்பதியரின் அன்பு மகனும், கிருஷ்ணகுமாரியின் பாசமிகு சகோதரனும்..."

"அத எடு."

"எதம்மா?"

"ஒம் பேர."

"அம்மா, நான் வேணும்னு செய்யலம்மா. ஒங்க காலுல விழுறேன். பழசுமேல புதுசு..."

"அவன் கடைசியா ஒங் கையத் தட்டிவிட்டானாம். எல்லாரும் பாத்திருக்காங்க. அவனுக்கு வேணாங்கிறத நான் போடமாட்டேன். எடு."

குமாரி எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக, பின்னாலிருந்து முன்னாலே, தன் பெயர் தேய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள். பிறகு பக்கத்துக் கடையில் பிரின்ட் எடுத்து வந்து, கொப்பி போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். மருதாயி வாங்கிக்கொண்டாள். நகக்கண்ணில் இருந்த இரத்தத்தைப் பார்த்தாள். அது யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கணம் அந்த விரலைத் தொட்டுவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போனாள்.

கடையில் யாரும் இல்லை. ஜுனைதீன் வாசலில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். குமாரி அப்பாவின் அறிவித்தலை மறுபடி திறந்தாள். எல்லாம் அப்படியே இருந்தது. கன்னையாவின் அன்பு மகள் கிருஷ்ணகுமாரி, மகன் தினேஷ், மருமகன் சசி. மூன்று பேரும் ஒரே வரியில் இருந்தார்கள். அவள் எந்த விசையையும் தொடாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வாடிக்கையாளர் ஒருவர் செருமியதும் அதை மூடினாள். எதுவும் மாறவில்லை என்பதால், சேவ் செய்யட்டுமா என்று கொம்பியூட்டர் அவளைக் கேட்கவில்லை.